பின்பாதியில் யார் ஜெயிப்பார்?

அமெரிக்காவில் நடக்கும் புதுவித வியாபாரம்! இது வாணிபமா, சூதாட்டமா?

ஒரு காட்சியை மனத்தில் நினைத்துப் பாருங்கள்.

அமெரிக்காவில் ஒரு பெரிய விளையாட்டு அரங்கம். கூடைப்பந்துப் போட்டி நடக்கிறது. முதல் பாதி முடிந்துவிட்டது. சிவப்புச் சட்டை கோஷ்டி 20 புள்ளி முன்னால் நிற்கிறது. ஆட்டக்காரர்கள் இளைப்பாற உள்ளே போய்விட்டார்கள். இடைவேளை 15 நிமிஷம்.

வேடிக்கை பார்க்க வந்தவர்கள் காப்பி வாங்கப் போகிறார்கள். குழந்தைகள் தின்பண்டம் கேட்டு அழுகிறார்கள்.

ஒரு வாலிபன் மட்டும் எழுந்திருக்கவில்லை. கையில் உள்ள செல்போனையே உற்றுப் பார்க்கிறான். அதில் ஒரு கேள்வி தெரிகிறது.

"பின்பாதியில் எந்தக் கோஷ்டி அதிகப் புள்ளி எடுக்கும்?"

அதன் பக்கத்தில் ஒரு விலை: "சிவப்பு – 62 சென்ட்டு."

வாலிபன் விரலால் ஒரு தட்டுத் தட்டுகிறான். அவ்வளவுதான். அவனுடைய பணத்தில் 62 டாலர் போய்விட்டது. 100 சீட்டு அவன் கணக்கில் வந்துவிட்டது.

அது என்ன சீட்டு? யார் விற்றார்கள்? அதைப் பற்றி அமெரிக்காவில் ஏன் கோர்ட்டுக்குக் கோர்ட்டு வழக்கு நடந்தது?

அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஒரு டாலர் சீட்டு

அமெரிக்காவில் 100 சென்ட்டு சேர்ந்தால் ஒரு டாலர். நம் ஊரில் 100 காசு சேர்ந்தால் ஒரு ரூபாய் என்பதுபோல.

இந்தச் சீட்டின் கணக்கு மிகவும் எளிது. வாங்கியவன் சொன்னது பலித்தால் ஒரு சீட்டுக்கு ஒரு டாலர் கிடைக்கும். பலிக்காவிட்டால் ஒன்றும் கிடைக்காது. நடுவில் வேறு எதுவும் இல்லை.

சிவப்புக் கோஷ்டி பின்பாதியில் அதிகப் புள்ளி எடுத்தால் வாலிபனுக்கு 100 சீட்டுக்கு 100 டாலர் வரும். போட்டது 62. லாபம் 38 டாலர். எடுக்காவிட்டால் 62 டாலரும் போச்சு.

அந்த 38 டாலரைக் கொடுப்பது யார்?

எங்கோ ஓர் ஊரில் இன்னொருவர் இருக்கிறார். "சிவப்பு எடுக்காது" என்பது அவருடைய எண்ணம். அவர் சீட்டுக்கு 38 சென்ட்டு வீதம் போட்டிருக்கிறார். 62ம் 38ம் சேர்ந்தால் 100. அந்த 100ஐக் கம்பெனி வைத்துக்கொள்கிறது. ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவருக்குக் கொடுக்கிறது. கட்டணம் வாங்குவது கம்பெனியின் பிழைப்பு.

விலைக்கும் ஓர் அர்த்தம் உண்டு. 62 சென்ட்டு என்றால், "100க்கு 62 பங்கு நடக்கும்" என்று சந்தை நினைக்கிறது. 90 சென்ட்டு என்றால் அநேகமாக நடக்கும். 10 சென்ட்டு என்றால் நடப்பது சிரமம்.

இன்னொரு விசேஷம். ஆட்டம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சிவப்புக் கோஷ்டி மளமளவென்று புள்ளி எடுத்தால் சீட்டின் விலை 80 சென்ட்டுக்கு ஏறும். அப்போதே விற்றுவிடலாம். சீட்டுக்கு 18 சென்ட்டு லாபம். விலை இறங்கினால் நஷ்டத்துக்கு விற்றுத் தப்பிக்கலாம்.

இதைத்தான் "கணிப்புச் சந்தை" என்கிறார்கள். நடக்கப் போவதை ஊகித்து, அந்த ஊகத்தையே விற்பது, வாங்குவது!

பின்பாதி மட்டும் ஏன்?

முழு ஆட்டத்தில் யார் ஜெயிப்பார் என்று பந்தயம் கட்டினால் போதாதா? பின்பாதியைத் தனியாக ஏன் பிரிக்க வேண்டும்?

கூடைப்பந்து ஆட்டத்தின் தன்மை அப்படி.

இந்த ஆட்டம் 1891ஆம் ஆண்டு டிசம்பரில் பிறந்தது. அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு என்ற ஊரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் இதைக் கண்டுபிடித்தார். குளிர்காலத்தில் மாணவர்கள் வெளியே விளையாட முடியவில்லை. பழம் வைக்கும் கூடைகளை உயரத்தில் மாட்டி, அதில் பந்தைப் போடச் சொன்னார். அதனால்தான் கூடைப்பந்து என்று பெயர் வந்தது.

இன்று தொழில்முறை ஆட்டம் 48 நிமிஷம். நான்கு பகுதி. ஒவ்வொரு பகுதியும் 12 நிமிஷம். பின்பாதி என்பது கடைசி இரண்டு பகுதி. கல்லூரி ஆண்கள் ஆட்டம் 40 நிமிஷம். 20 நிமிஷம் வீதம் இரண்டு பாதி.

1954ஆம் ஆண்டு தொழில்முறை ஆட்டத்தில் ஒரு விதி வந்தது. பந்தை வைத்திருக்கும் கோஷ்டி 24 வினாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். அதற்கு முன்பு, முன்னால் இருக்கும் கோஷ்டி பந்தைக் கையில் வைத்துக்கொண்டே நேரத்தைக் கடத்தும். பார்ப்பவர்களுக்கு அலுப்புத் தட்டும். விதி வந்த பிறகு ஆட்டம் சூடு பிடித்தது. புள்ளிகள் குவிந்தன. பின்தங்கிய கோஷ்டிக்குக் கடைசிவரை நம்பிக்கை பிறந்தது.

அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் போகும்? 1996ஆம் ஆண்டு நவம்பர் 27ந் தேதி நடந்ததைக் கேளுங்கள்.

யூட்டா, டென்வர் என்ற இரண்டு கோஷ்டிகள் மோதின. பாதி ஆட்டம் முடிந்தபோது டென்வர் 70, யூட்டா 36. சரியாக 34 புள்ளி வித்தியாசம்! ஆட்டம் முடிந்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

ஆனால் பின்பாதியில் யூட்டா 71 புள்ளி எடுத்தது. டென்வர் 33தான் எடுத்தது. முடிவு: யூட்டா 107, டென்வர் 103!

இது அபூர்வம். சாதாரணமாக நடப்பது வேறு. 20 புள்ளி முன்னால் இருக்கும் கோஷ்டி, "இனிக் கவலை இல்லை" என்று நல்ல ஆட்டக்காரர்களை உட்கார வைத்துவிடும். புதியவர்களை இறக்கும். பின்தங்கிய கோஷ்டி உயிரைக் கொடுத்து ஆடும். ஆகவே, ஆட்டத்தில் ஜெயிக்கிற கோஷ்டி பின்பாதியில் தோற்பது உண்டு.

"ஆட்டத்தில் யார் ஜெயிப்பார்?" என்பது ஒரு கேள்வி. "பின்பாதியில் யார் ஜெயிப்பார்?" என்பது வேறு கேள்வி. கேள்வி இரண்டானால் வியாபாரமும் இரண்டு!

இதிலும் சிக்கல் இருக்கிறது. பின்பாதியில் இரு கோஷ்டியும் சமமாக எடுத்தால் என்ன? ஆட்டம் சமமாகி, கூடுதல் நேரம் கொடுத்தால் அந்தப் புள்ளிகள் சேருமா, சேராதா? ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு விதி எழுதி வைத்திருக்கிறார்கள். அவசரத்தில் தட்டுகிற வாலிபன் அதைப் படிப்பானா?

ஒரு புள்ளி குறைந்தால் நல்லதா?

இடைவேளையைப் பற்றிப் பெரிய படிப்பாளிகளே ஆராய்ந்திருக்கிறார்கள்.

2011ஆம் ஆண்டு இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 18,000க்கும் அதிகமான தொழில்முறை ஆட்டங்களின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். இடைவேளையில் ஒரு புள்ளி பின்தங்கி இருக்கும் கோஷ்டி, எதிர்பார்ப்பதைவிட அதிகமாக ஜெயிக்கிறது என்றார்கள். ரோசம் வந்து ஆடுகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம்.

கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. பலர் நம்பினார்கள்.

பிறகு வேறு ஆராய்ச்சியாளர்கள் இன்னும் அதிக ஆட்டங்களை எடுத்துப் பார்த்தார்கள். அப்படி ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. பல ஆயிரம் ஆட்டங்களை உட்கார்ந்து ஆராய்ந்த பேராசிரியர்களே ஏமாறலாம். அப்படி இருக்க, 15 நிமிஷ இடைவேளையில் ஒரு வாலிபனுக்கு என்ன தெரிந்துவிடும்?

மாட்டு எடையும் மக்கள் மூளையும்

கணிப்புச் சந்தையை நடத்துபவர்கள் சும்மா இல்லை. அவர்களும் ஒரு நியாயம் சொல்கிறார்கள்.

"பல பேருடைய ஊகத்தைச் சேர்த்தால் உண்மை கிடைக்கும்" என்பது அவர்கள் வாதம்.

அதற்கு ஒரு பழைய கதை உண்டு. கதை அல்ல, நடந்த செய்தி. 1906ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிளிமத் என்ற ஊரில் கால்நடைக் கண்காட்சி நடந்தது. ஒரு மாட்டை நிறுத்தி, "வெட்டிச் சுத்தம் செய்தால் இதன் எடை எவ்வளவு?" என்று கேட்டார்கள். சீட்டு வாங்கிப் பலர் எழுதிப் போட்டார்கள். கால்டன் என்ற விஞ்ஞானி 787 சீட்டுகளை வாங்கி ஆராய்ந்தார். வரிசைப்படுத்தி நடுச் சீட்டை எடுத்துப் பார்த்தால் 1,207 ராத்தல். உண்மையான எடை 1,198 ராத்தல். வித்தியாசம் 9 ராத்தல்தான்!

தனித்தனியாகப் பார்த்தால் பலர் தப்பு. கூட்டமாகப் பார்த்தால் சரி.

1988ஆம் ஆண்டு அயோவா சர்வகலாசாலைப் பேராசிரியர்கள் இதைத் தேர்தலுக்குப் பரீட்சை செய்தார்கள். சிறு தொகைக்குச் சீட்டு விற்றார்கள். ஜனாதிபதித் தேர்தலில் யாருக்கு எவ்வளவு ஓட்டு விழும் என்று சந்தை விலையைக் கொண்டு கணித்தார்கள். படிப்புக்காக நடந்த சந்தை அது.

இப்போது நடப்பது படிப்புக்காக அல்ல. பணத்துக்காக.

கோதுமையில் தொடங்கியது

கூடைப்பந்துச் சீட்டு எப்படிச் சட்டத்துக்குள் வந்தது? இதுதான் மிகவும் ருசியான பகுதி.

அமெரிக்காவில் கோதுமை விளைவிக்கும் குடியானவனுக்கு ஒரு கவலை. அறுவடை நாளில் விலை விழுந்துவிட்டால் என்ன செய்வது? ரொட்டி செய்யும் முதலாளிக்கு வேறு கவலை. விலை ஏறிவிட்டால் என்ன செய்வது? இருவரும் முன்கூட்டியே ஒரு விலை பேசிக்கொள்கிறார்கள். இதுதான் முன்பேர வியாபாரம். சிகாகோ நகரில் 1848ஆம் ஆண்டு இதற்கான சந்தைச் சங்கம் ஏற்பட்டது.

இதைக் கண்காணிக்க 1974ஆம் ஆண்டு மத்திய சர்க்கார் ஒரு கமிஷன் அமைத்தது. கோதுமை, எண்ணெய், பருத்தி முதலியவற்றின் முன்பேர வியாபாரம் இந்தக் கமிஷன் பொறுப்பு.

2018ஆம் ஆண்டு இரண்டு இளைஞர்கள் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். ஒருவர் தாரெக் மன்சூர். மற்றவர் லுவானா லோப்பஸ் லாரா என்ற பெண்மணி. கம்பெனியின் பெயர் கால்ஷி. "கோதுமை விலையைப் போலவே, நாளை நடக்கும் ஒரு சம்பவத்துக்கும் முன்பேரம் பேசலாம்" என்பது அவர்கள் யோசனை. 2020ஆம் ஆண்டு கமிஷன் இந்தக் கம்பெனிக்கு அனுமதி கொடுத்தது.

2023ஆம் ஆண்டு, தேர்தல் சீட்டு விற்கக் கூடாது என்று கமிஷன் தடுத்தது. கம்பெனி கோர்ட்டுக்குப் போயிற்று. 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் கம்பெனிக்குத் தீர்ப்புக் கிடைத்தது. அந்த ஆண்டு ஜனாதிபதித் தேர்தலுக்குச் சீட்டு விற்பனை அமோகமாக நடந்தது.

கையில் கதவு திறந்த பிறகு உள்ளே நுழையத் தயக்கம் ஏது? 2025ஆம் ஆண்டு ஜனவரியில் விளையாட்டுச் சீட்டு வந்தது. கூடைப்பந்தும் வந்தது. முழு ஆட்டம், வித்தியாசம், மொத்தப் புள்ளி என்று ஒவ்வொன்றாகப் பெருகியது. ஆட்டத்தின் பாதிக்கும் சீட்டு!

பாலிமார்க்கெட் என்ற இன்னொரு கம்பெனியும் உண்டு. 2020ஆம் ஆண்டு தொடங்கியது. அனுமதி இல்லாமல் நடத்தியதற்காக 2022ஆம் ஆண்டு கமிஷன் அதற்கு 14 லட்சம் டாலர் அபராதம் போட்டது. அதே கம்பெனியில் 2 நூறு கோடி டாலர் வரை முதல் போடப் போவதாக, நியூயார்க் பங்குச் சந்தையை நடத்தும் நிறுவனம் 2025ஆம் ஆண்டு அக்டோபரில் அறிவித்தது. மூன்றே ஆண்டில் எவ்வளவு மாறுதல், பாருங்கள்!

மாகாணங்களின் கோபம்

அமெரிக்காவில் பந்தயச் சட்டம் மாகாணத்துக்கு மாகாணம் வேறு. 2018ஆம் ஆண்டு மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்புக் கூறியது. விளையாட்டுப் பந்தயத்தை அனுமதிப்பதா, வேண்டாமா என்பதை அந்தந்த மாகாணமே முடிவு செய்யலாம் என்றது.

பல மாகாணங்கள் அனுமதித்தன. பந்தயக் கம்பெனிகளிடம் லைசென்சு பணமும் வரியும் வாங்கின. நியூயார்க் மாகாணத்தில் செல்போன் பந்தயத்துக்கு வரி 100க்கு 51! பெரும்பாலான மாகாணங்களில் 21 வயது ஆகாதவர்கள் பந்தயம் கட்ட முடியாது. சில மாகாணங்கள் பந்தயத்தையே அனுமதிக்கவில்லை.

கணிப்புச் சந்தைக் கம்பெனிகள் என்ன சொல்கின்றன? "எங்களுடையது பந்தயம் அல்ல. முன்பேர வியாபாரம். மத்திய கமிஷன் எங்களைப் பார்த்துக்கொள்கிறது. மாகாணம் தலையிட முடியாது" என்கின்றன. 18 வயது ஆனாலே சேர்த்துக்கொள்கின்றன.

மாகாணங்களுக்குக் கோபம் வராதா? 2025ஆம் ஆண்டு மார்ச்சில் நெவாடாவும் நியூஜெர்சியும் "நிறுத்து" என்று நோட்டீஸ் கொடுத்தன. கம்பெனி வழக்குப் போட்டது.

ஏப்ரலில் இரண்டு மாகாணங்களிலும் கம்பெனிக்குச் சாதகமாக உத்தரவு கிடைத்தது. ஆகஸ்டில் மேரிலாந்தில் நீதிபதி கம்பெனியின் கோரிக்கையைத் தள்ளிவிட்டார். நவம்பரில் நெவாடா நீதிபதி தாம் முன்பு கொடுத்த உத்தரவைத் தாமே ரத்து செய்தார்.

ஒரே சட்டம். ஒரே சீட்டு. ஒரு கோர்ட்டில் வியாபாரம். இன்னொரு கோர்ட்டில் சூதாட்டம்!

மூன்று கேள்விகள்

சட்டம் கிடக்கட்டும். சாதாரண மனிதன் எதைக் கேட்க வேண்டும்? மூன்று கேள்விகள் போதும்.

முதல் கேள்வி: இதனால் யாருக்குப் பயன்?

கோதுமை முன்பேரத்தில் குடியானவனுக்குப் பயன் உண்டு. அவன் வயலில் உண்மையாகவே கோதுமை விளைகிறது. விலை விழுந்தால் அவன் குடும்பம் கஷ்டப்படும். அந்தக் கஷ்டத்தை அவன் முன்கூட்டியே விலக்கிக்கொள்கிறான். தேர்தல் கணிப்பினால்கூட யாராவது ஏதாவது திட்டம் போடலாம்.

பின்பாதியில் சிவப்புக் கோஷ்டி எத்தனை புள்ளி எடுக்கும் என்று இடைவேளையிலேயே தெரிந்து ஆகவேண்டியது யாருக்கு? சுமார் ஒரு மணி நேரம் பொறுத்தால் எல்லோருக்கும் இலவசமாகத் தெரிந்துவிடுமே!

நம்மவர்களுக்கு "காட்டன் சூதாட்டம்" என்ற பெயர் தெரியும். ஒரு காலத்தில் நியூயார்க் பருத்திச் சந்தையின் விலை பம்பாய்க்குத் தந்தியில் வரும். அந்த விலை எண்ணை வைத்து அங்கே சூதாடினார்கள். பருத்தி வாங்கியவன் வியாபாரி. எண்ணை மட்டும் பிடித்தவன் சூதாடி. பருத்தி ஒன்றுதான். நோக்கம் வேறு.

இரண்டாவது கேள்வி: எதிரே இருப்பது யார்?

பழைய பந்தயக் கடையில் எதிரே இருப்பது கடைக்காரன். அங்கே 100 டாலர் ஜெயிக்க 110 டாலர் கட்ட வேண்டும். எதிரெதிராக இருவர் கட்டினால் கடைக்காரன் கையில் 220. ஜெயித்தவனுக்கு 210 கொடுப்பான். 10 டாலர் அவன் பெட்டியில் விழும்.

கணிப்புச் சந்தையில் கடைக்காரன் இல்லை. "நீங்களே ஒருவருக்கொருவர் விற்று வாங்குகிறீர்கள்" என்று சொல்கிறார்கள். கேட்க இனிப்பாக இருக்கிறது. ஆனால் அந்த 'ஒருவர்' யார்?

சஸ்குவானா என்பது அமெரிக்காவின் மிகப் பெரிய வியாபாரக் கம்பெனிகளில் ஒன்று. கணக்குப் புலிகள் நிறைந்த இடம். 2024ஆம் ஆண்டு முதல் அது கால்ஷி சந்தையில் இரு பக்கமும் விலை கூறி விற்று வாங்குகிறது. இத்தகைய கம்பெனிகளில் கம்ப்யூட்டர் கண் சிமிட்டும் நேரத்தில் விலையை மாற்றும்.

வீட்டில் டெலிவிஷன் பார்த்துச் சீட்டு வாங்குபவன் நிலை இன்னும் மோசம். அரங்கத்தில் நடப்பது வீட்டுத் திரைக்கு வந்து சேரச் சில வினாடிகள் ஆகும். இவன் "ஆகா!" என்று கத்துவதற்கு முன்பே விலை மாறியிருக்கும். நேற்றைய பத்திரிகையைப் படித்துவிட்டு இன்று பந்தயம் கட்டுவது போலத்தான் இது.

சரி, எதிரே இருப்பவனும் நம்மைப் போன்ற சாதாரண ஆளே என்று வைத்துக்கொள்வோம். இருவரும் சம புத்திசாலிகள். ஆட்டத்துக்கு 50 டாலர் வீதம் 100 ஆட்டம் கட்டுகிறார்கள். இவன் 50 ஜெயிக்கிறான். அவன் 50 ஜெயிக்கிறான். ஆட்டத்துக்கு ஒரு டாலர் வீதம் கட்டணம் என்று கணக்கிடுங்கள்.

இவனுக்கு 100 டாலர் நஷ்டம். அவனுக்கும் 100 டாலர் நஷ்டம். கம்பெனிக்கு 200 டாலர்!

நல்ல கம்பெனியில் பங்கு வாங்கினால், அந்தக் கம்பெனி வளரும்போது பங்குக்காரர் எல்லோருமே லாபம் அடையலாம். இங்கே அது நடக்காது. ஒருவன் அழுதால்தான் இன்னொருவன் சிரிக்கலாம்.

மூன்றாவது கேள்வி: ஆட்டம் என்ன ஆகும்?

இதுதான் மிகவும் முக்கியம்.

கெட்டுப் போன ஆட்டங்கள்

1950ஆம் ஆண்டு நியூயார்க் நகர சிட்டி கல்லூரிக் கோஷ்டி இரண்டு பெரிய பட்டங்களையும் வென்றது. நகரமே கொண்டாடியது. அடுத்த ஆண்டு போலீசார் அந்தக் கோஷ்டியின் ஆட்டக்காரர்களைக் கைது செய்தார்கள்.

குற்றம் என்ன? பந்தயக்காரர்களிடம் லஞ்சம் வாங்கியது. தோற்பதற்கு மட்டும் அல்ல. "ஜெயியுங்கள். ஆனால் குறைந்த வித்தியாசத்தில் ஜெயியுங்கள்" என்பது பேச்சு. வித்தியாசத்தை வைத்துப் பந்தயம் நடந்ததால் அதுவே சூதாடிகளுக்குப் போதும். விசாரணையில் 7 கல்லூரிகளைச் சேர்ந்த 30க்கும் அதிகமான ஆட்டக்காரர்கள் சிக்கினார்கள். பல இளைஞர்களின் எதிர்காலம் மண்ணாயிற்று.

2007ஆம் ஆண்டு ஒரு நடுவரே சிக்கினார். டிம் டோனகி என்பது அவர் பெயர். தொழில்முறை ஆட்டங்களில் ஊதல் பிடித்தவர். பந்தயக்காரர்களுக்குத் தகவல் கொடுத்ததை ஒப்புக்கொண்டார். 15 மாதம் சிறைத் தண்டனை கிடைத்தது.

2024ஆம் ஆண்டு நடந்தது இன்னும் விசித்திரம். ஜான்டே போர்ட்டர் என்ற ஆட்டக்காரர், உடம்பு சரியில்லை என்று சொல்லி ஆரம்பத்திலேயே வெளியேறிவிட்டார். "இவர் இத்தனை புள்ளிக்குக் குறைவாகத்தான் எடுப்பார்" என்று பந்தயம் கட்டியவர்களுக்கு அதனால் பணம். அந்த ஆண்டு ஏப்ரலில் அவருக்கு ஆயுள் முழுவதும் ஆடத் தடை விதித்தார்கள். ஜூலையில் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

2026ஆம் ஆண்டு ஜனவரியில் பிலடெல்பியாவில் 26 பேர் மீது வழக்குத் தொடர்ந்தார்கள். கல்லூரி ஆட்டக்காரர்களுக்கு லஞ்சம் கொடுத்து ஆட்டத்தைக் கெடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அதே மாதம் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் தேசியச் சங்கத்தின் தலைவர் மத்திய கமிஷனுக்குக் கடிதம் எழுதினார். கல்லூரி ஆட்டங்களின் கணிப்புச் சந்தையை நிறுத்தி வைக்க வேண்டும் என்று கேட்டார்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 1951, 2007, 2024 ஆகிய ஆண்டுகளில் வெளியான மோசடிகள் பழைய முறைப் பந்தயத்தில் நடந்தவை. கணிப்புச் சந்தையில் நடந்தவை அல்ல. ஆனால் பாடம் பொதுவானது.

என்ன பாடம்?

முழு ஆட்டத்தையும் தோற்கடிக்க வேண்டுமானால் பலரை விலைக்கு வாங்க வேண்டும். கோஷ்டி தோற்றால் எல்லோருக்கும் தெரியும். ஊரே சந்தேகப்படும்.

பாதி ஆட்டத்தைக் கெடுக்க அவ்வளவு பேர் வேண்டாம். முக்கியமான ஒருவன் "கால் வலிக்கிறது" என்று உட்கார்ந்தால் போதும். கோஷ்டி ஆட்டத்தில் ஜெயிக்கும். ஜனங்கள் கை தட்டுவார்கள். ஒருவருக்கும் தெரியாது. சீட்டு வைத்திருப்பவனுக்கு மட்டும் பணம் வரும்.

துணியைச் சிறு சிறு துண்டாக வெட்டினால் ஒரு துண்டைத் திருடுவது சுலபம். ஆட்டமும் அப்படித்தான்.

இன்னொரு தீமையும் உண்டு. முழு ஆட்டத்துக்கு ஒரு தடவை பணம் போடுகிறவன், முடியும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் புத்தி தெளியலாம். பாதிக்குப் பாதி சீட்டு இருந்தால் காத்திருக்க வேண்டாம். முன்பாதியில் விட்டதைப் பின்பாதியில் பிடிக்கலாம் என்று தோன்றும். விட்டதைப் பிடிக்கப் போனவன் கதையை நம் ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

நம் நாட்டில் என்ன?

இந்தியாவிலும் இதே மாதிரி செல்போன் வியாபாரம் தலைகாட்டியது. கிரிக்கெட் ஆட்டத்துக்கு "ஆமாம்", "இல்லை" என்று சீட்டு விற்றார்கள். 2025ஆம் ஆண்டு ஏப்ரலில், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி ஜனங்களை எச்சரித்தது. இது பங்கு வியாபாரம் அல்ல, இதில் பணம் போட்டால் எங்கள் பாதுகாப்புக் கிடையாது என்றது.

அதே ஆண்டு ஆகஸ்டில் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்குத் தடை. திறமையா, அதிர்ஷ்டமா என்ற பேச்சே இல்லை. பணம் கட்டினால் தடைதான்.

அமெரிக்கா கதவைத் திறந்த அதே ஆண்டில் இந்தியா கதவைச் சாத்தியது.

கை தட்டாத வாலிபன்

முதலில் சொன்ன வாலிபனை மறந்துவிட்டோமே! அவன் கதி என்ன ஆயிற்று?

பின்பாதி தொடங்கியது. 20 புள்ளி முன்னால் இருந்த சிவப்புக் கோஷ்டி, நல்ல ஆட்டக்காரர்களை உட்கார வைத்தது. எதிர்க் கோஷ்டி ஆவேசமாக ஆடியது. பின்பாதியில் சிவப்பைவிட 11 புள்ளி அதிகம் எடுத்தது. ஆனாலும் 20இல் 11 போனால் 9 மிச்சம். சிவப்புக் கோஷ்டி 9 புள்ளியில் ஜெயித்துவிட்டது.

அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது. குழந்தைகள் துள்ளிக் குதித்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் கை குலுக்கிக்கொண்டார்கள்.

வாலிபன் மட்டும் எழுந்திருக்கவில்லை. அவன் நேசித்த கோஷ்டி ஜெயித்துவிட்டது. அவனுடைய சீட்டு தோற்றுவிட்டது. 62 டாலர் போய்விட்டது.

62 டாலர் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். ஆனால் தன் கோஷ்டி ஜெயித்த நாளில் கை தட்ட முடியாமல் உட்கார்ந்திருந்தானே, அந்தச் சந்தோஷத்தை எந்தச் சந்தையில் போய் வாங்குவான்?